இடது ஓரம் கொஞ்சம் தேய்க்க வேண்டும்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, திருவனந்தபுரம் பேட்டையில் இருக்கும் பல் செட் பயனாளர் திருப்தி மற்றும் மெல்லும் திறன் மையத்தின் மூன்றாம் கவுண்டரில், அறுபத்திரண்டு வயதான தங்கையனுக்கு மேலும் கீழுமாக ஒரு பல் செட் இலவசமாக வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும், பெற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி என்பதற்கு இன்னொரு கையெழுத்தும் வாங்கினார்கள்.

தங்கையன் வலியசாலையில் குற்றாலலிங்கத்தின் பலகாரக் கடையில் முப்பத்தொரு வருடமாக மாஸ்டர். அடுப்பு முன்னால் நிற்பதும், ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு முறுக்கையோ, உப்பேரி என்ற வாழைக்காய் வறுவலையோ எடுத்துக் கடித்துப் பார்ப்பதும் அவர் வேலை. கடிக்கும்போது எழும் சத்தத்தை வைத்து அடுத்த ஈட்டுக்குத் தீயைக் கூட்டச் சொல்வார் அல்லது குறைக்கச் சொல்வார். கடைசி நாலு பல்லும் போன பிறகு எட்டு மாதமாகக் கையால் ஒடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கை இரண்டு தடவை ஏமாற்றியது. இரண்டாம் தடவை, அக்ரகாரத்து மாமி ஒருவர் கல்யாணத்துக்கு வாங்கிப்போன கைமுறுக்கைக் கூடையோடு திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார்.

"ஏன்டாப்பா, சம்பந்தியாத்துக்கு அனுப்பற முறுக்கா இது? அவா பல்லு போனா நீயா கட்டித் தருவே?" என்று குற்றாலலிங்கத்தைக் கேட்டார்.

அதன் பிறகுதான் தங்கையன் மையத்தில் விண்ணப்பம் கொடுத்தது.

புதிய பல்லில் ஒரே ஒரு குறை இருந்தது. கீழ்ச் செட்டின் இடது ஓரம் ஒரு அரிசி அளவு கூடுதலாக நீண்டு நாக்கடியில் குத்தியது. வாயைத் திறந்தால் கீழ்ச் செட்டு எழும்பும், மூடினால் குத்தும். ஜூன் 12ஆம் தேதி காலை முதல் ஈட்டு முறுக்கைத் தங்கையன் கடித்தபோது முறுக்கு உடையவில்லை. கீழ்ச் செட்டு முறுக்கோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

துணை மாஸ்டர் விஜின் சிரித்துவிட்டான். குற்றாலலிங்கம் சிரிக்கவில்லை.

"என்னவே மாஸ்டரே, நீரு முறுக்கைக் கடிக்கீரா, முறுக்கு உம்மைக் கடிக்கா?"

"ஒரு ஓரம் கொஞ்சம் தேச்சாப் போதும் மொதலாளி. போயி செரியாக்கிட்டு வாறேன்."

குற்றாலலிங்கம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "சிங்கம் ஒண்ணாந் தேதி வரைக்கும் பாப்பேன். ஓண ஆர்டரு அன்னைக்குத்தான் அடுப்பேறுது. அன்னைக்கு நீரு கடிச்சுச் சொல்லணும். இல்லேன்னா விஜின் அடுப்புல நிப்பான், நீரு பாக்கிங்ல உக்காரும். கோவிச்சுக்கிடாதேயும்."

அந்தக் கடையில் அடுப்பு முன்னால் நிற்பவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பாக்கிங் மேசையில் உட்காருபவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மலையாள வருடத்தின் முதல் மாதமான சிங்கத்தின் ஒன்றாம் தேதி ஆகஸ்ட் 17இல் வந்தது.

வீட்டில் தங்கையனின் மனைவி தங்கபாய் பல் செட்டுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா ஒதுக்கியிருந்தார். "வெல கூடின சாமானு. மீன்கொழம்புலயும் மரச்சீனிக் கெழங்குலயும் போட்டுக் கெடுக்காண்டாம்," என்றார். அதனால் அது கோவிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையும், மையத்துக்குப் போகும் நாளும் மட்டும் வாய்க்குள் போனது. கொடுத்தவர்களைப் பார்க்கப் போகும்போது போடாமல் போவது மரியாதையில்லை என்பது தங்கையனின் எண்ணம். சாப்பாட்டைக் கண்டால் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பார். சில வாரத்தில் இது கை தானாகச் செய்யும் பழக்கமாகிவிட்டது.

ஜூன் 18ஆம் தேதி மையத்தில் ஷிஜு என்ற கிளார்க் இருந்தான். பாறசாலைக்காரன், தமிழ் தெரியும்.

"புகாரா? பராதி கவுண்டர் இவிடே இல்லா அங்கிளே. நம்மளு திருப்தி மட்டும்தான் எடுக்குறது."

"பராதி ஒண்ணுமில்ல மக்கா. ஒரு ஓரம் தேய்க்கணும்."

"தேய்க்கணும்னா திருப்தி ஸ்கோரு வேணும். ஸ்கோரு இல்லாத வாயில கை வைக்க டாக்டருக்கு ஆர்டர் இல்லா."

ஒரு அட்டையை நீட்டினான். அதில் மூன்று முகங்கள் அச்சாகியிருந்தன. ஒன்று லேசாகச் சிரித்தது. அடுத்தது நன்றாகச் சிரித்தது. மூன்றாவது பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

தங்கையன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"நோவுதுங்குறதுக்கு எந்த மொகம் மக்கா?"

"முந்தி அஞ்சு மொகம் உண்டாயிருந்து. அழுது கரையுற மொகத்தைப் பாத்தா வயசானவங்களுக்கு மனசு நொந்து வெஷமிக்குதுன்னு கமிட்டி கண்டுபிடிச்சு. அதையும் அதுக்கு மேல உள்ளதையும் எடுத்தாச்சு. அதுக்குப் பெறவு மனசு வெஷமம்னு ஒருத்தரும் சொன்னதில்ல, கேட்டோ."

தங்கையன் இருப்பதில் சின்னச் சிரிப்பைத் தொட்டார். ஷிஜு தட்டினான். திரையில் 'போதுமான திருப்தி' என்று வந்தது. போதுமான திருப்தி உள்ளவர்களுக்குத் தேய்ப்பு கிடையாது. வேண்டுமென்றால் மெல்லும் திறன் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம், அது கழிந்தால் நான்காம் அறைக்கு வழி உண்டு என்றான். தேய்க்கிற இயந்திரம் நான்காம் அறையில் இருந்தது. கதவு திறந்திருந்ததால் தங்கையனுக்கும் தெரிந்தது. பிளாஸ்டிக் உறையோடு இருந்தது.

சோதனையில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே எடுத்தவர்களை மட்டும்தான் நான்காம் அறைக்கு அனுப்புவார்கள். இதை ஷிஜு சொல்லவில்லை. தங்கையனும் கேட்கவில்லை. சோதனை என்றால் நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

சோதனை ஜூலை 9ஆம் தேதி. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி தட்டில் பத்து வறுத்த கடலை வைத்தாள். இருபது தடவை மெல்ல வேண்டும், விழுங்கக் கூடாது, கிண்ணத்தில் துப்ப வேண்டும். துப்பியதைச் சல்லடையில் அலசி, அடியில் இறங்கியது எவ்வளவு, மேலே நின்றது எவ்வளவு என்று நிறுப்பார்கள்.

தங்கையன் ஒரு கடலையை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது நமுத்துப் போச்சே பிள்ளே."

"மார்ச்சில வாங்கினது அங்கிள். எல்லாரும் ஒரே கடலைதான் மெல்லணும். புதுக்கடலை வாங்கினா முந்தி மென்னவங்களுக்கு அநியாயம் ஆயிடும்."

அவள் ஸ்டாப்வாட்சை எடுக்கத் திரும்பினாள். எதிரில் தின்கிற பொருள் இருந்ததால் தங்கையனின் கை இரண்டு செட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தது. எட்டு மாதம் வெறும் ஈறால் சோறும் மீனும் மரச்சீனியும் தின்ற வாய் அது. நமுத்த கடலை அதற்கு ஒரு பொருட்டில்லை. இருபது தடவை மென்று துப்பினார். அவள் சல்லடையோடு உள்ளே போனபோது வாயைத் துடைத்துவிட்டு மரியாதைக்காகப் பல்லைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வந்தது. மையம் தொடங்கிய நாலு வருடத்தில் சராசரி முப்பத்து நாலு. அதிகபட்சம் ஐம்பத்தெட்டு, அதை எடுத்தவருக்குச் சொந்தப் பல் ஆறு இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. சல்லடையை மூன்று தடவை நிறுத்தார்கள். தராசையும் ஒரு தடவை நிறுத்தார்கள்.

"தொண்ணூத்தொண்ணு!" என்றான் ஷிஜு. "அங்கிளே, இனி எதுக்கு தேய்க்கணும்?"

"நல்லா மென்னா தேச்சுத் தருவீங்கன்னுல்லா நெனச்சேன்."

"நல்லா மெல்லாதவங்களுக்குத்தானே தேய்ப்பு."

தங்கையன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நான்காம் அறையின் டாக்டர் ஆர்ஷா அந்த வழியாக வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், முப்பது வயதுக்குள். அந்த அறையில் பதினொரு மாதமாக இருக்கிறார், இதுவரை யாரும் உள்ளே அனுப்பப்படவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி மொபைல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அய்யோ மாமா, நாக்கடியில புண்ணாயிருக்கே. இதை வெச்சுட்டா கடலை தின்னீங்க?"

"இல்ல டாக்டரே. கழத்தி வச்சுட்டுல்லா மென்னேன். சாப்பிடும்போ போடுறதில்ல."

டாக்டர் ஆர்ஷா வெளிச்சத்தை அணைத்தார். "இதை அங்கே சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல்ல."

அவர் அன்றே இயக்குநருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். பயனாளர் தங்கையன் பல் செட் அணியாமல் மென்றதாகத் தெரிவிக்கிறார், கீழ்ச் செட்டின் இடது ஓரத்தைத் தேய்க்க அனுமதி வேண்டும், இரண்டு நிமிட வேலை. ஜூலை 24ஆம் தேதி இயக்குநர் இருவரையும் அறைக்கு அழைத்தார். அவர் மலையாளத்தில் பேசினார், நடுநடுவே ஆங்கிலம். பேசியது இதுதான்:

"பயனாளர்கள் சொல்வதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் சொல்வது வேறு, மெல்லுவது வேறு. ஒருவருக்குத் திருப்தி உண்டா என்று அவர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் தலையிட மாட்டோம். மெல்ல முடிகிறதா என்பது அப்படியில்லை. அதை அவரிடம் கேட்பது விஞ்ஞானமாகாது, அதற்குச் சல்லடை இருக்கிறது. தான் பல் செட் இல்லாமல் மென்றதாக இவர் சொல்வது இவருடைய கருத்து. சல்லடை அப்படி எதுவும் சொல்லவில்லை."

"சார், புண் இருக்கிறது," என்றார் டாக்டர் ஆர்ஷா.

"புண் நம்முடைய படிவத்தில் இல்லை. டாக்டர், நாலு வருடத்தில் ஆயிரத்து முந்நூறு பேருக்குப் பல் கொடுத்திருக்கிறோம். ஒருவர்கூடத் திருப்தியில்லை என்று எழுதவில்லை. ஆனால் மெல்லும் திறன் மட்டும் முப்பத்து நாலிலேயே நிற்கிறது. திருப்தி ஒரு பக்கம், மெல்லுதல் ஒரு பக்கம் என்று மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வந்த ஒரே வாய் இவருடையது. இதில் இப்போது அரத்தை வைக்கச் சொல்கிறீர்களா?"

பிறகு தங்கையனைப் பார்த்துத் தமிழில், மெதுவாகச் சொன்னார். "ஆகஸ்ட் பதினாறு, மெல்லும் திறன் தினம். நீங்கள் மேடையில் ஒரு முறுக்கு கடிக்கணும். கடிச்சு இறங்கினதும் தேய்ச்சுத் தரச் சொல்றேன். இது உறப்பு, என் வாக்கு."

ஆகஸ்ட் பதினாறு வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் சிங்கம் ஒன்று. தங்கையன் மனதுக்குள் கணக்குப் பார்த்து, சரி என்றார். வெளியே வந்ததும் டாக்டர் ஆர்ஷா நேராக நான்காம் அறைக்குள் போனார்.

விழாவுக்கு நானூறு முறுக்குப் பாக்கெட்டுக்கான ஆர்டர் குற்றாலலிங்கத்தின் கடைக்கே வந்தது. தன் கடை மாஸ்டர் மேடையேறுகிறார் என்று கேட்டதும் அவர் பட்டுக்கரை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்தார். "பேப்பர்ல கடை பேரு வருமாவே?" என்று இரண்டு தடவை கேட்டார். பதினாறாம் தேதி விடியற்காலை ஈட்டைத் தங்கையன் இல்லாமல் விஜின் போட்டான். மாஸ்டரின் தொண்டை நோகக் கூடாது, மேடையில் பேச வேண்டியிருக்கும், அடுப்புப் புகை ஆகாது என்று குற்றாலலிங்கமே அவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்.

தங்கபாய் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவினார். "மேடையில வச்சு இளிக்காதேயும், கழண்டு விழுந்திரும்," என்றார்.

காலை ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் டாக்டர் ஆர்ஷா காத்திருந்தார். கையில் பேனா அளவு ஒரு சின்னத் தேய்ப்புக் கருவி, பேட்டரியில் ஓடுவது. சொந்தக் காசில் வாங்கியது என்றார்.

"இப்போ தாங்க மாமா. ரெண்டு மினிட்டு. ஸ்டோர் ரூம்ல வெச்சு தேச்சுத் தரேன். யாரும் அறியாது."

தங்கையன் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். பிறகு எடுத்துவிட்டார்.

"வேண்டாம் டாக்டரே. பெரியவரு சொல்லியிருக்காருல்லா, மேடை கழிஞ்சாச் செய்யலாம்னு. அதுக்கு முந்தி நம்ம செஞ்சா அவருக்கு மோசமில்லியா?"

"அவர் செய்யலேன்னா?"

"உறப்பு தந்தாரே. நீங்களும் கேட்டீங்கல்லா."

டாக்டர் ஆர்ஷா கருவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பத்தரைக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. வரவேற்புரையில் மையத்தின் கடலைக் கொள்முதல் முறை விளக்கப்பட்டது. தொடக்கவுரை ஆற்றியவர், தான் இன்னும் சொந்தப் பல்லோடு இருப்பதால் இந்த அவையில் பேசத் தகுதி இல்லை என்று சொல்லி நாற்பது நிமிடம் பேசினார். ஆயிரத்து முந்நூறு பேரின் சிரித்த முகங்களைச் சேர்த்துச் செய்த ஒரு பெரிய சிரித்த முகத்தைத் திரையில் காட்டினார்கள். பார்வையாளர்களில் பெரும்பாலோர் பல் செட்டுக்காரர்கள். முறுக்குப் பாக்கெட்டை மடியில் வைத்திருந்தார்கள். யாரும் பிரிக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஆகும் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஏற்கெனவே பையில் போட்டிருந்தார்.

தங்கையனை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வெள்ளித் தட்டில் ஒரு முறுக்கு வந்தது. மூன்றாம் வரிசையில் பட்டுக்கரை வேட்டியோடு குற்றாலலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முறுக்கைக் கண்டதும் கை பழக்கப்படி வாய்க்குப் போனது. மேல் செட்டும் கீழ்ச் செட்டும் வெளியே வந்தன. கைக்குட்டையில் சுற்றினார், பையில் வைத்தார். தங்கையன் முறுக்கை ஒடித்துக் கடைவாய் ஈறில் வைத்து அழுத்தினார். அது உடனே அமுங்கியது. முப்பத்தொரு வருடமாகச் செய்வதுபோல முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். மைக் எதிரில் இருந்தது.

"பதம் தப்பிச்சு. எண்ண காயும் முந்தி போட்டுருக்கு. கவுத்துக் கொட்டிட்டு அடுத்த ஈடு போடணும்."

முதலில் பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பல்லில்லாத வாய் முறுக்கு தின்றதற்கா, முறுக்கைப் பற்றி உண்மை சொன்னதற்கா என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இங்கே நாம் கண்டது என்ன? நம்முடைய பல் செட் வாயில் இருக்கும்போது மட்டும்தான் பயன் தரும் என்று இதுவரை நினைத்திருந்தோம். அது சட்டைப் பையில் இருக்கும்போதே ஒரு பயனாளருக்கு இவ்வளவு தன்னம்பிக்கை தருகிறது. இனி வாய், பை என்று இரண்டு நிலையிலும் திருப்தியை அளக்க வேண்டும். அதற்குத் தனிப் பிரிவு கேட்டு எழுதப் போகிறேன்."

மேடையை விட்டு இறங்கியதும் தங்கையன் இயக்குநரின் பின்னால் போய் நின்றார். "சாரே, இடது ஓரம்."

இயக்குநர் கையை நீட்டினார். தங்கையன் கைக்குட்டையோடு கொடுத்தார். இயக்குநர் அதை ஷிஜுவிடம் கொடுத்தார். ஷிஜு ஒரு பாலித்தீன் உறையில் போட்டு எண் எழுதி ஒட்டினான். ரசீது எழுதி, கைக்குட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.

"இது இனி மையத்தின் சொத்து," என்றார் இயக்குநர். "தொண்ணூற்றொன்று எடுத்த பல். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். அதைத் தேய்ப்பது சரித்திரத்தைத் தேய்ப்பதாகும்."

"நாளைக்கு எனக்கு ஜோலிக்கு வேணுமே சாரே."

"புதுசுக்கு விண்ணப்பியுங்கள். ஒருவருக்கு அஞ்சு வருடத்துக்கு ஒன்று."

டாக்டர் ஆர்ஷா வாசல் தூணருகே நின்றுகொண்டிருந்தார். தங்கையன் அவரைக் கடந்து போகும்போது ரசீதைக் காட்டினார். அவர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17 காலை ஐந்தரைக்குத் தங்கையன் கடைக்கு வந்தார். அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. உப்பேரிக்கு ஏத்தங்காய் சீவிக் குவித்திருந்தது. விஜின் சல்லிக்கரண்டியோடு நின்றான்.

"பல்லு எங்கவே?" என்றார் குற்றாலலிங்கம்.

"பொட்டிக்குள்ள வச்சுட்டாவ மொதலாளி." அடுப்பைக் காட்டி, "நேத்து பல்லில்லாமத்தானே சொன்னேன் பதம் தப்பிச்சுன்னு. செரியாத்தானே சொன்னேன்," என்றார்.

"செரியாத்தான் சொன்னீரு. நானும் ஒண்ணைத் தின்னு பாத்தேன். எண்ண காயுமுந்திதான் போட்டிருக்கான்." குற்றாலலிங்கம் கல்லாவைத் திறந்து மூடினார். "ஆனா நானூறு பேருக்கு முன்னால மைக்குலல்லா சொன்னீரு. என் பேரு போட்ட பாக்கெட்டு அத்தனை பேரு மடியிலயும் இருந்துச்சே."

தங்கையன் அடுப்பைத் தாண்டிப் போனார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாக்கிங் மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்செல்வி ஒரு கட்டுக் கவரை அவர் பக்கம் தள்ளி, பின் அடிக்கும் இடத்தைக் காட்டினாள். எட்டு மணிக்கு முதல் ஈடு உப்பேரி மேசைக்கு வந்தது. "தங்கையண்ணே, சூடாறுற முந்தி கட்டாதீங்க," என்றான் விஜின்.

செப்டம்பர் இறுதியில் மையத்தின் ஆண்டறிக்கை வெளியானது. பயனாளர் திருப்தி நூறு சதவீதம். நான்காம் அறைக்கான தேவை எழாததால் அந்த அறை மூடப்பட்டது. டாக்டர் ஆர்ஷாவைப் புள்ளிவிவரப் பிரிவுக்கு மாற்றினார்கள். இயந்திரம் உறையோடு ஸ்டோருக்குப் போனது.

தங்கையன் பாக்கிங்கில் இருக்கிறார். மதியம் கஞ்சி கொண்டுவருகிறார். விஜினை மாஸ்டர் என்கிறார்கள். பல் செட் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை நாலு வரை. அதன் இடது ஓரம் தேய்க்கப்படவில்லை.